பத்துப் படப் பட்டியல்: பலம் எங்கே, பழுது எங்கே?

பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் வெளியிடும் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவருகிறது. இதுவரை வந்த படங்களிலேயே சிறந்த பத்து எவை? முதல் முறை 63 பேர் பதில் எழுதினார்கள். 2022இல் 1,639 பேர். எழுபது ஆண்டுகளில் கேள்வியும் மாறவில்லை, பத்து என்ற எண்ணும் மாறவில்லை. விமர்சகர்கள் மட்டுமல்ல, சினிமாவை நேசிக்கும் யாரும் டீக்கடையிலோ கல்லூரி விடுதியிலோ ரயில் பயணத்திலோ ஒருமுறையாவது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருப்பார்கள்.

இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. வரும் முடிவை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. இரண்டும் சரியல்ல என்பது என் கருத்து. ஒருவர் உட்கார்ந்து தன் பத்துப் படங்களைத் தேர்ந்தெடுப்பது விமர்சனத்தின் மிகக் கறாரான பயிற்சிகளில் ஒன்று. பலருடைய தேர்வுகளையும் கூட்டி, முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசை போடும்போதுதான் கோளாறு தொடங்குகிறது.

முதலில் அந்தக் கறாரைப் பார்ப்போம். நூறு படங்களைச் சொல்லச் சொன்னால் யாருக்கும் சிரமம் இல்லை. மனத்தில் வருவதையெல்லாம் எழுதிக்கொண்டே போகலாம். எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. பத்துதான் என்று வரம்பு கட்டிவிட்டால், ஒரு படம் இன்னொன்றை வெளியே தள்ளித்தான் உள்ளே வர முடியும். 'அருமையான படம்', 'மனதைத் தொட்டது' என்ற பேச்செல்லாம் அங்கே எடுபடாது. இது ஏன், அது ஏன் இல்லை என்பதற்குப் பதில் இருந்தாக வேண்டும்.

மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' (1978), 'உதிரிப்பூக்கள்' (1979) இரண்டையும் நேசிக்கும் ஒருவருக்கு ஒரே ஓர் இடம்தான் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். முதல் படத்தில் விஞ்ச் ஓட்டும் காளி கையை இழக்கிறான், வேலையை இழக்கிறான். தங்கை வள்ளியையும் இழந்துவிடுவோம் என்று அஞ்சுகிறான். கடைசியில் அவளைத் தன் மேலதிகாரியான இன்ஜினியருக்கே கட்டிக்கொடுக்க இசைகிறான். அப்போதும் அவரைத் தனக்கு இன்னமும் பிடிக்கவில்லை என்பதை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் இசைகிறான். வீம்பையும் பாசத்தையும் ஒரே மூச்சில் காட்டும் அந்தக் காட்சி தமிழ் சினிமாவின் உச்சங்களில் ஒன்று. 'உதிரிப்பூக்கள்' முடிவது வேறு மாதிரி. சுந்தரவடிவேலுவின் கொடுமைகளைப் பொறுத்துப் பார்த்த ஊர், ஒருநாள் அவனை ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. நீரில் இறங்குவதற்கு முன், நல்லவர்களாக இருந்த ஊராரையும் தன்னைப் போலவே மாற்றிவிட்டதுதான் தான் செய்த பெரிய பாவம் என்று அவன் சொல்கிறான். அதுவரை அவன் சாகட்டும் என்று நினைத்திருந்த நமக்கு, நாமும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைக்கிறது. கரையில் அவன் பிள்ளைகள் நிற்கிறார்கள்.

காளியின் காட்சி நம்மை நெகிழவைத்து அனுப்புகிறது. சுந்தரவடிவேலுவின் காட்சி நம்மை விசாரிக்கிறது. அந்த ஒரே இடத்தை நான் 'உதிரிப்பூக்க'ளுக்குக் கொடுப்பேன். இன்னொருவர் 'முள்ளும் மலரும்' என்று சொல்லி, காளியைப் போல முழுமையான மனிதன் 'உதிரிப்பூக்க'ளில் இல்லை என்று வாதிடலாம். அந்த வாதத்திலும் வலு இருக்கிறது. இரண்டு படங்களுக்கும் தாராளமாக இடம் இருந்திருந்தால் இந்த ஒப்பீட்டுக்கே வேலை இருந்திருக்காது. நெருக்கடிதான் அதைச் செய்யவைக்கிறது.

படத்துக்கு மதிப்பெண் போடுவதும் இதுவும் ஒன்றல்ல. 1977இல் '16 வயதினிலே' படத்துக்கு ஆனந்த விகடன் 62.5 மதிப்பெண் கொடுத்ததை இன்றும் பேசுகிறோம். அது படம் வந்த சமயத்தின் கணிப்பு; சுடச்சுடச் சொன்ன தீர்ப்பு. பத்துப் படப் பட்டியல் கேட்பது, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எது உங்களை விடாமல் பிடித்திருக்கிறது என்பதை. முதல் காட்சியின் ஆரவாரம், நடிகர்மேல் இருந்த மோகம், பாட்டுக்காகப் போன ஈர்ப்பு எல்லாம் அடங்கிய பிறகு மிஞ்சுவதைத்தான் அது எடுத்துக்கொள்கிறது.

இரண்டாவது பலம், ஒரு படத்தை அதன் ஊரையும் மொழியையும் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. 'டைம்' இதழுக்காக ரிச்சர்ட் கார்லிஸ், ரிச்சர்ட் ஷிக்கல் என்ற இரு விமர்சகர்கள் 2005இல் உலகின் நூறு சிறந்த படங்களைத் தேர்ந்தார்கள். அதில் மணிரத்னத்தின் 'நாயகன்' (1987) இருந்தது. நூறு படங்கள் என்றாலும் அது இரண்டே பேரின் ரசனையில் எழுந்த பட்டியல். தமிழ் தெரியாத ஒருவர் அந்தப் படத்தைத் தேடிப் பார்க்க அது ஒரு காரணமானது. ஆயிரம் பேர் வாக்களித்து எடுத்த முடிவாக இருந்திருந்தால் 'நாயகன்' அங்கே இடம்பிடித்திருக்குமா என்பது சந்தேகம்தான். தனி மனிதரின் பிடிவாதமான அன்புக்கு இருக்கும் வலிமை கூட்டத்தின் சராசரிக்கு இல்லை.

மூன்றாவது பலம் அடுத்தடுத்த பட்டியல்களைப் அருகருகே வைத்தால்தான் தெரியும். 1952இல் முதலிடம் பிடித்தது விட்டோரியோ டி சிக்காவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்'. அது வந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. போரில் நொறுங்கிய ரோம் நகரத் தெருக்களை நேராகக் காட்டிய யதார்த்தம் அன்றைய விமர்சகர்களை உலுக்கியிருந்தது. ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' (1941) அந்த முதல் பத்தில் இல்லவே இல்லை. 1956இல் அமெரிக்காவில் அது மறுபடி திரைக்கும் தொலைக்காட்சிக்கும் வந்தது. 1962இல் முதலிடத்துக்குப் போய், 2002 வரை ஐந்து வாக்கெடுப்புகளில் அசையாமல் நின்றது. 2012இல் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' (1958) அதை இறக்கியது. இதில் படங்கள் எதுவும் மாறவில்லை. பார்த்தவர்கள் மாறினார்கள், பார்க்கக் கிடைத்தவை மாறின. இப்படிப் படித்தால் இந்த வாக்கெடுப்புகள் ரசனையின் வரலாற்று ஆவணம். அந்த வகையில் இவற்றுக்கு ஈடாக வேறொன்று இல்லை.

இனி பழுதுகளுக்கு வருவோம். முதலாவது, கூட்டல் கணக்கு. 2012இல் 846 விமர்சகர்கள் வாக்களித்தார்கள். 'வெர்டிகோ' பெற்றது 191. 'சிட்டிசன் கேன்' பெற்றது 157. அதாவது, உலகின் தலைசிறந்த படம் என்று செய்திகளில் வந்த படத்தை வாக்களித்தவர்களில் நால்வரில் ஒருவர்கூடத் தன் பத்தில் சேர்க்கவில்லை. நான்கில் மூன்று பங்குக்கும் மேலானவர்களின் பட்டியலில் இல்லாத ஒரு படம் அனைவரின் சார்பிலும் முடிசூட்டிக்கொள்கிறது. அந்த 191 பேரும்கூட அதைத் தங்கள் முதல் படமாகக் கருதினார்களா என்று தெரிய வழியில்லை. ஒருவர் தரும் பத்துப் படங்களுக்கும் தலா ஒரு வாக்குதான். உயிராக நேசித்த படத்துக்கும், பத்தாவது இடத்தை நிரப்பப் போட்ட படத்துக்கும் ஒரே எடை.

இந்தக் கணக்கில் இன்னொரு அநியாயமும் உண்டு. ஒரே ஓர் உச்சம் கொண்ட இயக்குநருக்கு வாக்குகள் ஒன்றாகக் குவியும். பல உச்சங்கள் கொண்டவருக்குச் சிதறும். சத்யஜித் ராயின் படங்களில் ஒருவர் 'பதேர் பாஞ்சாலி'யைச் சொல்வார், இன்னொருவர் 'சாருலதா'வை, மற்றொருவர் 'ஜல்சாகர்' படத்தை. மூவரும் ராயை ஒரே அளவு மதிக்கிறவர்களாக இருக்கலாம். பட்டியலில் அவர் கீழே இறங்குவது அவர் வளமாகப் படைத்ததற்குக் கிடைக்கும் தண்டனை. விதிமுறை முடிவை எப்படி மாற்றும் என்பதற்கு 'காட்ஃபாதர்' உதாரணம். 2002இல் அதன் முதல் இரு பாகங்களுக்கும் விழுந்த வாக்குகளை ஒன்றாகச் சேர்த்து நான்காம் இடம் கொடுத்தார்கள். 2012இல் தனித்தனியாக எண்ணினார்கள். இரண்டுமே முதல் பத்தில் இல்லை. படத்தின் தரம் பத்தாண்டில் குறைந்துவிடவில்லை, எண்ணும் முறைதான் மாறியது.

இரண்டாவது பழுது, கிடைக்காத படங்களுக்கு நேரும் புறக்கணிப்பு. யாரும் பார்க்காத படத்துக்கு யாரும் வாக்களிக்க முடியாது. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) இன்று ஒரு பிரதிகூட மிஞ்சாமல் போய்விட்டது. நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' என்ற மௌனப் படமும் அப்படியே. 'பதேர் பாஞ்சாலி'க்கும் இந்தக் கதி நேர்ந்திருக்கலாம். 1993இல் லண்டனில் ஓர் ஆய்வகத்தில் பற்றிய தீயில் அதன் மூல நெகட்டிவ் கருகியது. எரிந்த சுருள்களிலிருந்து மீட்க முடிந்ததை மீட்டு, பிற பிரதிகளையும் சேர்த்து 2015இல் அதைப் புதுப்பித்தார்கள். ராயின் புகழ்தான் அத்தனை உழைப்பையும் செலவையும் வரவழைத்தது. பட்டியல்களில் இருக்கும் படம் காப்பாற்றப்படுகிறது. காப்பாற்றப்பட்டதால் மறுபடி பட்டியலில் ஏறுகிறது. வெளியே நிற்கும் படம் மறக்கப்பட்டு, மறதியிலேயே அழிகிறது. 2022இன் முதல் நூறில் இருந்த ஒரே இந்தியப் படம் 'பதேர் பாஞ்சாலி'. இத்தனை மொழிகளில், இத்தனை ஆண்டுகளாகப் படமெடுக்கும் நாட்டுக்கு ஒன்றே ஒன்று என்றால், அது நம் சினிமாவின் அளவைக் காட்டவில்லை. நம் படங்கள் எவ்வளவு குறைவாகச் சென்று சேர்ந்திருக்கின்றன என்பதைக் காட்டுகிறது.

2022இல் எழுந்த சர்ச்சையையும் இங்கே பார்க்க வேண்டும். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஷான்டல் அகர்மேன் தன் 25ஆம் வயதில் எடுத்த 'ஷான் தீல்மன்' (1975) முதலிடம் பெற்றது. ஒரு பெண் இயக்கிய படம் அங்கே வந்தது அதுவே முதல் முறை. 2012இல் அது முதல் முப்பதுக்குள்கூட இல்லை. அந்தப் படத்தை மதிக்கிற இயக்குநர் பால் ஷ்ரேடரே, இந்தத் திடீர்த் தாவல் வாக்கெடுப்பின் நம்பகத்தன்மையைக் குலைக்கிறது என்று குறைபட்டார். வாக்களிப்பவர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய இரு மடங்கானது. பெண்களும், பல நாட்டவரும், இளையவர்களும் உள்ளே வந்தார்கள். முடிவு மாறியதில் வியப்பில்லை. பழைய சிறு வட்டத்தின் ரசனைதான் இயல்பானது என்று நினைத்தால் மட்டுமே இது குறையாகத் தெரியும்.

படத்தைப் பார்த்தால் அதற்கு விழுந்த வாக்குகளின் காரணம் விளங்கும். 201 நிமிடம் ஓடும் படத்தில், கணவனை இழந்த ஒரு பெண் மூன்று நாள் வீட்டு வேலை செய்கிறாள். பாத்திரம் துலக்குகிறாள், மகனின் ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறாள். பிழைப்புக்காகப் பகலில் ஆண்களை வீட்டுக்குள் அனுமதிக்கிறாள். இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு குழைந்துவிடுகிறது. பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் வீட்டுக்குள் நடக்கிறாள். பிறகு மறுபடி உட்கார்ந்து கிழங்கைத் தோல் சீவுகிறாள். கேமரா அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒழுங்காக ஓடிய ஒரு வாழ்க்கை இற்றுப்போவதை ஒரு கிழங்கு சொல்லிவிடுகிறது. சமையலறையிலேயே ஆயுளைக் கழித்த தாய்மார்களைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் இது தூரத்துப் படம் இல்லை. இதைத் தன் பத்தில் ஒருவர் வைத்தால் அந்தத் தேர்வோடு நான் வாதாடலாம், உடன்படலாம். ஆனால் முதலிடம் என்ற பட்டம் சூட்டியதும் பேச்சு படத்தைவிட்டு விலகி, அது தகுதியானதா, திட்டமிட்டதா என்ற சண்டைக்குப் போய்விட்டது. வரிசை எண் செய்யும் பெரிய கேடு இதுதான்.

மூன்றாவது பழுது நமக்குள்ளே இருப்பது. நாலு பேர் பார்க்கப்போகும் பட்டியல் என்றதும், நேசித்த படத்தை ஒளித்துவிட்டு மதிப்பான படத்தை முன்னே நிறுத்தத் தோன்றும். நாகேஷ் நடித்த நகைச்சுவைப் படத்தைப் பலமுறை பார்த்துச் சிரித்தவர், எழுதும்போது ஒருமுறை பார்த்துப் பாதியில் கண்ணயர்ந்த ஐரோப்பியப் படத்தைச் சேர்ப்பார். இதனால்தான் இத்தகைய பட்டியல்களில் நகைச்சுவை மெலிந்து காணப்படுகிறது; குறும்படமும் அனிமேஷனும் பெரும்பாலும் வாசலிலேயே நின்றுவிடுகின்றன.

இந்தப் பழுதுகளுக்காகப் பழக்கத்தையே கைவிட வேண்டியதில்லை. ஒழுங்காகச் செய்தால் போதும். பட்டியலில் சேர்க்கும் எந்தப் படத்தையும் ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்க வேண்டும். இளமையின் நினைவை நம்பி எழுதக் கூடாது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு காட்சியைச் சுட்டிக் காரணம் எழுத வேண்டும். காரணம் சொல்ல வராத படத்தைத் துணிந்து நீக்கலாம். பத்தையும் வரிசைப்படுத்தத் தேவையில்லை. தேதி போட்டு வைத்து, சில ஆண்டுகள் கழித்து மறுபடி எழுத வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் நாம் வளர்ந்திருக்கிறோமா என்பது தெரியும். பட்டியல் நடத்தும் இதழ்களும் அமைப்புகளும் கூட்டுத் தொகையைத் தலைப்பாக்குவதை விட்டுவிட்டு, தனித்தனிப் பட்டியல்களையும் காரணங்களையும் முன்னே வைக்கலாம். ஒரே ஒருவர் மட்டும் சொன்ன படங்களைத் தனியாகத் தொகுத்து வெளியிட்டால், அதுதான் வாசகருக்கு அதிகம் பயன்படும்.

தமிழில் இந்த வேலை இன்னும் அவசரமானது. நம்மிடம் வசூல் கணக்கு இருக்கிறது, நட்சத்திரங்களின் படவரிசை இருக்கிறது. ஏன் இந்தப் பத்து என்று பொறுப்போடு எழுதிவைத்த பட்டியல்கள் மிகக் குறைவு. ஆசிரியர்கள், எடிட்டர்கள், தியேட்டர் ஆபரேட்டர்கள், வீட்டில் இருந்தபடியே பழைய படங்களைப் பார்த்துத் தேர்ந்த பெண்கள் எனப் பலரும் எழுத வேண்டும். அவற்றைக் கூட்டி ஒரு முதலிடம் தேடக் கூடாது. எந்தப் படம் யாருக்கு, எதனால் முக்கியமாகிறது என்று படித்து, அந்தப் படங்களைத் தேடிப் பிடித்துப் பார்க்க வேண்டும். பிரதி அழியும் நிலையில் இருந்தால், அதைக் காக்கச் சொல்லிக் குரல் கொடுக்கவும் அந்தப் பட்டியலே போதுமான காரணம்.