இல்பொருளும் விதியும்
குறும் அசைவுச் சித்திரங்கள் பற்றிய ஒரு நோக்கு

அசைவுச் சித்திரம் என்றதும் சிறுவரை மகிழ்விக்கும் எலியும் பூனையுமே நம்மிற் பலரின் நினைவுக்கு வரும். பெருநிறுவனங்கள் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டு ஆக்கும் நெடும்படங்களே அக்கலையின் எல்லை எனக் கருதுவாரும் உளர். இவற்றுக்குப் புறம்பாகத் தனிக்கலைஞர் தத்தம் மனப்போக்கின்படி ஆக்கிய குறும்படங்கள் பல உள. கனவிற் போல ஒன்று மற்றொன்றாய் மாறும் உருவங்களை அவற்றிற் காண்கிறோம். முதன்முறை காண்போர், 'இதன் பொருள் யாது?' என வினவுவர். விடை கிடையாதவிடத்துப் பித்தர் செயலெனத் தள்ளுவர். அவ்வாறு தள்ளுதல் முறையன்று. மனம்போன போக்கின எனத் தோன்றும் இப்படங்களுட் சிறந்தவை கடுமையான விதிக்கு உட்பட்டவை. அவ்விதியைக் கண்டுகொள்வதே அவற்றைச் சுவைக்கும் நெறியாகும்.

நம் அணிநூலார் இல்பொருளுவமை என ஒன்றை வகுத்தனர். உலகில் இல்லாத பொருளை உவமையாக்குதல் அது. பொன் உண்டு, மலை உண்டு, சிறகும் உண்டு. சிறகுடைய பொன்மலையே இல்லை. உறுப்புக்கள் யாவும் நாம் அறிந்தனவே. அவற்றின் கூட்டமே புதிது. இக்குறும்படங்களின் இயல்பும் இதுவே.

பிரான்ஸ் நாட்டவரான எமில் கோல் 1908-இல் வெளியிட்ட 'பன்தாஸ்மகோரி' இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. இரண்டு நிமிடமும் நிரம்பாத அப்படத்திற்கு அவர் வரைந்த சித்திரங்கள் ஏறக்குறைய 700. வெண்டாளிற் கருங்கோட்டால் வரைந்தவற்றைக் கருமையும் வெண்மையும் மாறுமாறு படச்சுருளிற் பதித்தமையால், கரும்பலகையில் வெண்கட்டியால் எழுதியன போல அவை தோன்றுகின்றன. புட்டி பூவாகிறது, யானை வீடாகிறது. ஆயினும் ஓருருவம் பிறிதோருருவத்தின் கோட்டினின்றே பிறக்கிறது. அதுவே அப்படத்தின் விதி.

இக்கலையின் முதிர்ச்சியைச் செக்கோசிலோவாக்கியாவைச் சேர்ந்த யான் சுவாங்மாயரிடம் காணலாம். 1934-இற் பிராக் நகரிற் பிறந்த இவர், 1970-இல் அங்குள்ள சர்ரியலிசக் குழுவிற் சேர்ந்தார். அப்பத்தாண்டிற் சில ஆண்டுகள் படம் எடுக்கவும் தடுக்கப்பட்டிருந்தார். அரசின் திரைப்பட நிலையத்திற் பணிசெய்தும் அரசின் சுவைக்கு இணங்காதவர் ஆதலின், இவரைத் தனித்தியங்கிய கலைஞர் எனல் பொருந்தும். களிமண்ணையும் வீட்டுப்பொருள்களையும் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் தனித்தனியே படம்பிடிப்பது இவர் முறை. ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுவதை எண்ணின், அதற்குரிய பொறுமை புலனாகும்.

இவரது 'உரையாடலின் பரிமாணங்கள்' 1982-இல் வெளிவந்தது. 1983-இற் பேர்லின் விழாவிற் குறும்படத்துக்கான தங்கக்கரடிப் பரிசைப் பெற்றது. அது மூன்று பகுதிகளை உடையது. முதற்பகுதியிற் காய்கனிகளாலான தலையும், சமையற் கருவிகளாலான தலையும், எழுதுபொருள்களாலான தலையும் ஒன்றையொன்று விழுங்கி உமிழ்கின்றன. ஒவ்வொரு முறையும் துகள் நுண்ணிதாகி, ஈற்றில் ஒரேவகைக் களிமண் தலைகளே எஞ்சுகின்றன. மூன்றாம் பகுதியில் இருவர் தலைகள் வாயிலிருந்து பொருள்களை நீட்டுகின்றன. பற்றூரிகைக்குப் பற்பசையும், பாணுக்கு வெண்ணெயும் முதலிற் பொருந்துகின்றன. பின்னர்ப் பொருந்தாதன கூடி அனைத்தும் பாழாகின்றன.

நடுப்பகுதியே தலைசிறந்தது. களிமண் ஆணும் பெண்ணும் தழுவி ஒன்றாய்க் கரைகின்றனர். மீண்டும் இருவராய்ப் பிரிந்தபோது சிறு மண்ணுருண்டை ஒன்று எஞ்சுகிறது. அது அன்பு வேண்டி இருவரிடமும் செல்கிறது, ஒருவரும் ஏற்றிலர். அதன் பொருட்டு எழுந்த பூசலில் ஒருவரையொருவர் பிய்த்தெறிந்து அழிகின்றனர். அவ்வுருண்டை குழந்தையா, குற்றமா, நினைவா? படம் சொல்லாது. உள்ளுறை போலக் கருத்தைக் காண்போர்க்கே விட்டுவிடுகிறது. இப்படத்தை அக்கால ஆட்சியின் மீதான குறிப்பு எனக் கொள்ளுதல் தவறன்று. அம்மட்டில் நின்றுவிடுதல் குறையே. அரசியற் குறிப்பு மட்டுமே ஆயின், அவ்வாட்சி வீழ்ந்த 1989-உடன் படமும் பழையதாகியிருக்கும்.

நம் காலத்தவரான அமெரிக்கர் டொன் ஹேர்ட்ஸ்பெல்ட் பிறிதொரு விதியை மேற்கொண்டார். 'நாளைய உலகம்' என்னும் அவரது 2015-ஆம் ஆண்டுப் படத்தில், எதிர்காலத்திலிருந்து வரும் ஒரு பெண், தான் எவளுடைய மறுபடியோ அச்சிறுமியிடமே பேசுகிறாள். நான்கு வயதுக் குழந்தை விளையாடுகையிற் பேசியவற்றைப் பதிவுசெய்து, அப்பேச்சுக்கேற்பவே அவர் கதையை எழுதினார். கலைஞன் குழந்தைக்கு இணங்கினான். குழந்தை கதைக்கு இணங்கவில்லை. பெரியவள் இழப்பையும் இறப்பையும் கூற, சிறியவள் களித்து நிற்கிறாள். கோடுகளே கைகால்களாகிய அவ்வெளிய உருவங்கள் நம்மைக் கலங்கச் செய்வது இம்முரணாலேயே.

உருவம் மாறுவது மாத்திரம் கலையாகாது. மாற்றத்தின் மேல் மாற்றம் அடுக்கி வியப்பூட்டும் படங்களும் உள. அவை முடிந்ததும் நெஞ்சில் யாதும் எஞ்சுவதில்லை. விதியற்ற புதுமை வேடிக்கையாய் ஒழியும். ஆதலின் இத்தகைய படமொன்றைக் காணும் மாணவர், 'இதன் பொருள் யாது?' என்று கேட்குமுன், 'இவ்வுலகில் எது எதுவாக மாறலாம், எது மாறலாகாது?' என வினவுவாராக. அதற்கு விடை கிடைக்குமாயின் பொருளும் தானே வந்து சேரும். அவ்வினாவுக்கு விடையே இல்லாத படத்தைத் தயங்காது தள்ளலாம்.