எண்பேர் எச்சமும் மருத்துவக் கலைச்சொல்லும்

உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குக் கூறிய அறிவுரையாக அமைந்தது புறநானூற்றின் 28ஆம் பாட்டு. மக்கட் பிறப்பில் நேரும் எட்டுவகைக் குறைகளை 'எண்பேர் எச்சம்' என்னும் தொகைப்பெயரால் அப்பாட்டுச் சுட்டுகின்றது. பிறவிக்குறை பற்றிய முழுமையான மருத்துவப் பாகுபாடு பண்டைத் தமிழர்க்கு இருந்தமைக்கு இதுவே சான்று என்பாரும் உளர். அக்கூற்று ஆராய்தற்குரியது.

சிதடு, செவிடு, ஊம் என்பன பொறிகளும் நாவும் தத்தம் தொழிலைச் செய்யாமையைக் குறிப்பன. கூனும் குறளும் வடிவு பற்றியன. மருள் அறிவு பற்றியது. உறுப்பின்றிப் பிறக்கும் தசைப்பிண்டத்தையும், விலங்கின் வடிவினதாக உரைகாரர் கொள்ளும் 'மா' என்பதனையும் இவற்றோடு சேர்த்தே புலவர் எண்ணுகின்றார். தொழிற்கோளாறும் வளர்ச்சிக்கோளாறும் இங்கு வேறு பிரிக்கப்படவில்லை. பிரித்தல் அவர் நோக்கமும் அன்று. அறம் பொருள் இன்பங்களை ஆற்றுதற்கு வாய்ப்பில்லாத பிறப்புகளை முன்வைத்து, அவ்வாய்ப்பினை உடைய அரசனைச் செயலுக்குத் தூண்டுதலே அவர் கருத்து. அப்பிறப்புகளால் ஊதியம் இல்லை என்று அவர் துணிந்தமை கடுமையானதே. அதனை நயம்பட மறைத்து உரைத்தல் திறனாய்வு ஆகாது. ஆதலின் இப்பட்டியலை மருத்துவ நூலாகக் காட்டுதல் பாட்டுக்கும் மருத்துவத்துக்கும் ஒருங்கே இழைக்கும் பிழை என்பது எம் கருத்து.

எனினும், 'எச்சம்' என்னும் சொல்லாட்சி நம் சிந்தனைக்குரியது. முடிவு பெறாது நிற்கும் வினையை இலக்கண நூலார் வினையெச்சம் என்பர். உடலின் ஆக்கம் முற்றுப்பெறாது நின்றதனையும் அச்சொல்லாற் குறித்தமை, குறையை வளர்ச்சியோடு இயைத்துக் காணும் பார்வையைக் காட்டுகின்றது. இன்றைய கலைச்சொல்லாக்கத்தில் நாம் இழந்து வருவது இப்பார்வையே. அட்ரோபி, ஹைபோபிளாசியா என்னும் இரண்டற்கும் 'குறைவளர்ச்சி' என ஒரே சொல்லை வழங்கின், இருவேறு நிலைகள் ஒன்றாகிவிடும். முன்னது, முழுமையாக வளர்ந்த உறுப்புப் பின்னர்ச் சிறுத்தல். பின்னது, அவ்வளர்ச்சியை ஒருபோதும் எய்தாமை. முன்னதற்குத் 'தேய்வு' பொருந்தும். முன்பு நிறைந்திருந்த திங்களையன்றோ தேய்ந்தது என்கின்றோம்? பின்னதற்கு 'நிரம்பா வளர்ச்சி' எனலாம். அவ்வாறே உயிரணு ஒவ்வொன்றும் அளவிற் பெரிதாதல் ஹைபர்ட்ரோபி; எண்ணிக்கையில் மிகுதல் ஹைபர்பிளாசியா. 'பருத்தல்', 'பெருகல்' என்னும் இரு வினைகளை உடைய நாம் இரண்டனையும் 'மிகைவளர்ச்சி' என்று மயங்கவைத்தல் சோம்பலின் விளைவேயாம்.

கிரேக்கச் சொற்களும் குற்றமற்றன அல்ல. அகோண்ட்ரோபிளாசியா என்பதன் சொற்பொருள் குருத்தெலும்பு உருவாகாமை. உண்மையிலோ குருத்தெலும்பு உருவாகின்றது. அது எலும்பாக மாறும் முறையே தடைப்படுகின்றது. அதற்குக் காரணமான மரபணு மாற்றம் 1994இல் அறியப்பட்ட பின்னும் பழம்பெயரே நிலவுகின்றது. அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர் பிழையினையும் உடன் பெயர்க்கின்றனர்.

அங்ஙனமாயின் இந்நோய்க்குக் 'குறள்' என்னும் பழஞ்சொல்லையே கொள்ளலாகாதோ எனின், ஆகாது. அச்சொல் விளைவாகிய வடிவைச் சுட்டுமேயன்றிக் காரணத்தைச் சுட்டாது. வேறொரு தடையும் உண்டு. கலித்தொகையின் 94ஆம் பாட்டில் கூனியும் குறளனும் ஒருவர் வடிவை ஒருவர் எள்ளிப் பின்னர் இணங்குகின்றனர். அரண்மனையிற் காண்போர் தம்மைக் கண்டு நகுவர் என்னும் அச்சமும் அவர் பேச்சில் வெளிப்படுகின்றது. நகைப்பில் நெடுங்காலம் புழங்கிய அச்சொல்லை நோயாளியின் மருத்துவக் குறிப்பில் எழுதுவது எவ்வாறு? 'மாற்றுத்திறனாளி' என்னும் சொல்லைத் தமிழக அரசு ஏற்றமையை நன்னூலார் கூறும் மங்கல வழக்கின்பாற் படுத்தி எளிதிற் கடந்துசெல்வர் சிலர். மங்கலம் என்பது கேட்போர் மனம் கருதியது. இச்சொல்லோ சுட்டப்படுவோர் மனமும் கருதியது. எனினும் அது ஆளைக் குறிக்கும் பெயர், நோயைக் குறிப்பதன்று. மருத்துவனுக்கு வேண்டுவது நன்னூலாரே குழூஉக்குறி எனப் பிரித்துக் காட்டிய வகையைச் சார்ந்தது. ஆளின் பெயரை நோய்க்கும் நோயின் பெயரை ஆளுக்கும் மாற்றி வழங்கும் அகராதிப் பதிவுகளைத் திருத்துவதிலிருந்தே இப்பணி தொடங்கற்பாலது.