தீக்காய்வானும் தலைவனும்

அரசனைச் சேர்ந்து பணிபுரிவோன், தீக்காய்வானைப் போல் மிக விலகாமலும் மிக நெருங்காமலும் ஒழுகவேண்டும் என்கிறது திருக்குறளின் 70ஆம் அதிகாரம். பணியாளர்க்கு நாம் பெரிதும் எடுத்தோதுவது இதனையே. ஆயின், இதனை மட்டும் கொண்டு வள்ளுவரைப் பணிவின் ஆசிரியராகக் காண்பது குறையுடைய பார்வை என்பதே நம் கருத்து.

‘தெரிந்து வினையாடல்’ என்னும் 52ஆம் அதிகாரம் தலைவனை நோக்கிப் பேசுகிறது. செயலையும் கருவியையும் ஆளையும் ஆராய்ந்தபின் வினையை அவனிடமே விட்டுவிடுக என்கிறது 517ஆம் குறள். நாள்தோறும் ஆராய்க என்கிறது 520ஆம் குறள். இவை தம்முள் முரணல்ல. பின்னது ஆராயச் சொல்வது வினைசெய்வானின் நெறி கோடாமையை. அவன் கையின் ஒவ்வோர் அசைவையும் அன்று.

இவற்றினும் கூரியது 519ஆம் குறள். வினையில் இடையறாது முயல்பவன் உரிமையோடு பழகுவதைப் பிறழ உணரும் தலைவனை விட்டுத் திரு நீங்கும் என்கிறது அது. அஞ்சி விலகி நிற்கும் பணியாளன் பிழையைக் கண்டும் வாய்திறவான், இழப்பு தலைவனுக்கே.

வேற்றுமொழி பேசும் மேலதிகாரியின்கீழ்ப் பணிபுரியும் நம்மவர் இதனை நன்குணர்வர். நம்முள் மேலதிகாரிகளாய் அமர்ந்தோர், 70ஆம் அதிகாரத்தைப் பிறர்க்கு ஓதுமுன் 52ஆம் அதிகாரத்தைத் தமக்கு ஓதிக்கொள்வாராக.