கூத்துக் களரியும் கைப்பேசிப் பதிவும்

சேலம், நாமக்கல் சமவெளிகளில் கோயில் விழாக்களையொட்டி விடியவிடிய ஆடப்படும் தெருக்கூத்தும், இலங்கையின் மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடி என்னும் இரு மரபுகளாக வழங்கும் கூத்தும் பாட்டையும் ஆட்டத்தையும் பிரிக்காமல் பயிற்றும் கலைகளே. எனினும் கைப்பேசியும் யூடியூபும் அவற்றின் பயிற்சிக்குள் நுழைந்த பின் விளைந்த மாற்றம் இரு நிலங்களிலும் ஒன்றாக இல்லை.

சேலத்துக் கூத்து தொழில்முறைக் குழுக்களால் வாழ்வது. சிறுவயதில் குழுவில் சேர்பவர் திரை பிடித்து, சிறுவேடம் கட்டி, மூத்தவர் ஆடுவதை இரவுதோறும் பார்த்தே அடவு பழகுகிறார். முகவீணை, மிருதங்கம், ஆர்மோனியம் ஆகியவற்றை இசைப்போர் பின்புறம் அமர, ஆடுபவர் பெரும்பாலும் முன்னோக்கியே ஆடுவதால், எதிரே நிற்கும் ஒரு கைப்பேசியே ஆட்டத்தின் பெரும்பகுதியைப் பிடித்துவிடுகிறது. பார்த்துக் கற்கும் மாணவருக்கு அப்பதிவு உண்மையிலேயே இன்னொரு இரவாகப் பயன்படுகிறது.

மட்டக்களப்பிலோ கூத்து ஊராரின் கலை. உழவரும் மீனவரும் அண்ணாவியார் எனப்படும் கூத்தாசிரியரிடம் மாதக்கணக்கில் பயில்கின்றனர்; பாத்திரத்துக்குரிய பாடற்படியை வழங்கும் சட்டங்கொடுத்தலில் தொடங்கும் பயிற்சி, சதங்கை அணிதல், முழு ஒத்திகையாகிய அடுக்குப் பார்த்தல் ஆகியவற்றைக் கடந்து அரங்கேற்றத்தை அடைகிறது. ஆடுகளமான வட்டக்களரியின் நடுவே அண்ணாவியாரும் மத்தளம், சல்லரி இசைப்போரும் நிற்க, ஆடுவோர் அவர்களைச் சுற்றி வருகின்றனர். நாற்புறமும் மக்கள் இருப்பதால் எத்திசையும் முன்திசையே. ஒரு புறத்தில் நிற்கும் கைப்பேசிக்கு ஆடுபவரின் முதுகே பாதிநேரம் தெரிகிறது; எட்டு, வீசாணம் போன்ற ஆட்டமுறைகளில் கால் செல்லும் வழியை அப்பதிவிலிருந்து கற்பது கடினம். பாட்டுக்கு இத்தடை இல்லை. அண்ணாவியாரின் குரலைப் பதிந்து சென்று வீட்டில் உருப்போட முடிகிறது. ஆட்டத்துக்குக் களரிக்கே வர வேண்டும்.

2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் பரதநாட்டிய வகுப்புகள் இரு நாடுகளிலும் சூம் செயலிக்கு மாறின. கூத்து அவ்வாறு மாறுவது அரிது. இணையவழியில் ஒலி சற்றே பிந்தி வருவதால், மத்தளக்காரரும் ஆடுபவரும் ஒருவரை ஒருவர் கேட்டுத் தாளத்தை முடுக்கும் உறவு அங்கே அறுந்துபோகிறது.

வட்டக்களரியை ஒருமுகமாக்கும் முயற்சி புதிதன்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1960களில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ ஆகியவற்றின் வழியே கூத்தைப் படச்சட்ட மேடைக்கு, அதாவது பார்வையாளர் ஒரு பக்கம் மட்டுமே அமரும் அரங்குக்கு, கொண்டுவந்தார். அன்று நிகழ்ந்தது அறிந்தே செய்த மாற்றம்; அது விவாதிக்கவும் பட்டது. கைப்பேசிக்கு முகங்காட்டி ஆடும் பழக்கம் அதே மாற்றத்தை எவரும் முடிவுசெய்யாமலே கொண்டுவரக்கூடியது என்பதால், மட்டக்களப்பில் அரங்கேற்றத்தைவிட அடுக்குப் பார்த்தலை, அதுவும் களரியின் பல புறங்களிலிருந்து, பதிவுசெய்வதே பயிற்சிக்கு உதவும்.