ஊதா ஒயர்

மீன் வறுவல் தீய்ந்ததும் வார்னிஷ் எரிந்ததும் கலந்தது போல ஒரு வாடை. முதலில் அடுப்படியைத்தான் சந்தேகித்தேன். திரும்பிப் பார்த்தால் மேசை மேல் இருந்த பிபிசி மைக்ரோவின் இடது பக்கத் துளைகளிலிருந்து வெள்ளைப் புகை. ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கும் வரை திரையில் 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே' என்ற வரி அசையாமல் நின்றது. உள்ளே தீய்ந்தது, வெளியே வேலை நடந்தது. இந்த முரண்பாட்டின் காரணம் தெரிந்த பிறகுதான் பழுது பார்க்கும் தைரியமே வந்தது.

இந்த இயந்திரத்தைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் நிறுவனம், பிபிசியின் கணினிக் கல்வித் திட்டத்துக்காக 1981 டிசம்பரில் வெளியிட்டது. 2 மெகாஹெர்ட்ஸ் 6502 பிராசசர், மாடல் பி-யில் 32 கிலோபைட் நினைவகம். இதை வடிவமைத்தவர்களில் முக்கியமான சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும்தான் பின்னால் ஏஆர்எம் பிராசசரை உருவாக்கினார்கள். அந்த வகை பிராசசரில் ஓடும், உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனுக்கு இந்த இயந்திரம் ஒரு வகையில் பாட்டி. நம் ஊரோடும் உறவு உண்டு. 1984-85இல் பள்ளிகளில் கணினி கற்பிக்க மத்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்துக்குத் தேர்வானது இதுதான். மொஹாலியில் இருந்த அரசு நிறுவனமான எஸ்சிஎல், 'யூனிகார்ன்' என்ற பெயரில் இதை உரிமம் பெற்றுத் தயாரித்தது. என்னிடம் இருப்பது ஒரு பள்ளியின் கழிவுக் குவியலிலிருந்து வந்தது. விலை சொன்னால் பழைய இரும்புக் கடைக்காரர் கோபித்துக்கொள்வார்.

சரி, புகைக்கு வருவோம். பவர் சப்ளை என்பது இடது பக்கத்தில் இருக்கும் ஒரு தகரப் பெட்டி. அடியில் மூன்று ஸ்குரூ கழற்றினால் கையோடு வந்துவிடும். திறப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை. இது எஸ்எம்பிஎஸ், அதாவது ஸ்விட்ச்டு மோட் பவர் சப்ளை. 230 வோல்ட் ஏசியை நேரடியாக டிசி ஆக்கி பெரிய கெப்பாசிட்டரில் தேக்கி வைக்கும். அங்கே இருப்பது சுமார் 325 வோல்ட், பிளக்கைக் கழற்றிய பிறகும் சற்று நேரம் அங்கேயே இருக்கும். மல்டிமீட்டரில் பூஜ்யத்தை ஒட்டி இறங்கியதைக் கண்ணால் பார்க்காமல் விரலை உள்ளே விடாதீர்கள். இந்த வரியைப் படித்ததும் வயிற்றைக் கலக்கினால், நல்ல டிவி மெக்கானிக் ஒருவரிடம் கொடுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

உள்ளே குற்றவாளி உடனே தெரிந்தான். தேன் நிறத்தில், கண்ணாடி போல ஒளி ஊடுருவும் உடம்புடன் ஒரு சின்ன சதுரக் கெப்பாசிட்டர். உடம்பு பிளந்து கரி கக்கியிருந்தது. அக்கால மின்சாதனங்கள் பலவற்றில் இருக்கும் வகை: காகிதத்தில் உலோகம் பூசிச் சுருட்டி, எபாக்சியில் முக்கி எடுத்தது. பத்து இருபது வருடத்தில் எபாக்சியில் நூலிழை போல விரிசல் விழும், காற்றின் ஈரத்தைக் காகிதம் குடிக்கும், ஈரக் காகிதம் மின்சாரத்தைக் கசியவிட்டுச் சூடேறும், ஒரு நாள் வெடிக்கும். கடற்கரை ஊரில் கேட்கவே வேண்டாம். ஆனால் அதன் வேலை, எஸ்எம்பிஎஸ் கிளப்பும் இரைச்சல் வீட்டு லைனுக்குள் போகாமல் வடிகட்டுவது மட்டுமே. அது செத்தாலும் கணினி ஓடும். திரை அணையாததன் ரகசியம் இவ்வளவுதான்.

அந்தத் துணிச்சலில் கரியைத் துடைத்து, வெடித்ததைப் பிடுங்கிவிட்டு மறுபடி போட்டேன். 'டிக்... டிக்... டிக்...' தொடங்க முயன்று முயன்று தோற்றது. ஆக, பழுது ஒன்றல்ல, இரண்டு.

இங்கேதான் சோம்பேறித்தனம் எட்டிப் பார்த்தது. எதற்கு இந்தக் கிழட்டுப் பெட்டி? புது எஸ்எம்பிஎஸ் ஒன்றை வாங்கி மாட்டினால் என்ன? வீட்டில் எல்இடி பட்டைக்கு வாங்கிய 5 வோல்ட் யூனிட் சும்மா கிடந்தது. பழைய பெட்டியிலிருந்து போர்டுக்கு ஏழு ஒயர் போகிறது: சிவப்பு மூன்று, கறுப்பு மூன்று, ஊதா ஒன்று. சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட். நிறத்துக்கு ஒன்று வீதம் சொருகி, ஊதாவை 'அப்புறம் பார்க்கலாம்' என்று விட்டுவிட்டு சுவிட்சைப் போட்டேன். திரையில் எழுத்து வந்துவிட்டது! ஆனால் ஏதோ குறைந்தது. ஆன் செய்ததும் இந்த இயந்திரம் 'பூ-பீப்' என்று இரண்டு சுருதியில் குரல் கொடுக்கும். அந்தக் குரல் இல்லை. ஊமை. ஊதா ஒயர் கொண்டுவருவது மைனஸ் 5 வோல்ட். ஒலிச் சுற்றுக்கும் சீரியல் போர்ட்டுக்கும் அதுதான் தீனி. அதிகபட்சம் 0.1 ஆம்பியர்தான், ஆனாலும் அது இல்லாவிட்டால் பேச்சு இல்லை.

இன்னொன்றும் கவனித்தேன். யூனிட்டில் 5.03 வோல்ட், போர்டில் அளந்தால் 4.83. ஒல்லி ஒயரில் 0.2 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிட்டது. அந்தக் காலத்துச் சிப்புகளுக்கு 4.75க்குக் கீழே போகக் கூடாது. மூன்று மூன்றாக ஒயர் வைத்தவர்கள் முட்டாள்கள் இல்லை.

அடுத்து, +5, +12, −5 மூன்றும் தரும் தொழிற்சாலை வகை எஸ்எம்பிஎஸ் ஒன்றை ரூ.1,900க்கு வாங்கினேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. இந்த வகை எல்லாமே கிட்டத்தட்ட ஒரே அச்சு. மின்சார ரீதியில் குறையே சொல்ல முடியாது. மூன்று மணி நேரம் ஓடியும் 5 வோல்ட் அசையவில்லை, குரலும் திரும்பியது. ஆனால் வடிவம்? கேசுக்குள் அது உட்கார மறுத்தது. 230 வோல்ட் முனைகள் ஒரு பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் நின்றுகொண்டு, என் அக்கா மகனின் விரலுக்காகக் காத்திருப்பது போலத் தோன்றியது. பின்பக்கத்து சுவிட்ச், ஃபிளாப்பி டிரைவுக்கு மின்சாரம் கொடுக்கும் சாக்கெட் எல்லாம் அநாதையாயின. பழைய பெட்டியைக் குடைந்து இதை உள்ளே வைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை.

எனவே சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெரு. வாங்க வேண்டியது மூன்றே பொருள்: லைன் வடிகட்டிக்கு 0.1 மைக்ரோஃபாரடில் ஒன்று, அதே வகையில் 0.01இல் ஒன்று, தொடங்கும் சுற்றில் இருந்து காய்ந்துபோன 220 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் ஒன்று. 'டிக் டிக்' சத்தத்துக்கு இந்தக் கடைசிப் பொடியன்தான் காரணம். 10 வோல்ட் தாங்கும் சுண்டுவிரல் நகம் அளவு சாமான்.

கடைக்காரர் சாதாரண ஃபிலிம் கெப்பாசிட்டரை எடுத்து நீட்டினார். "இதை எடுத்துக்கோங்க சார். நீங்க கேக்கிறது 275 வோல்ட்டு, இது 400!"

"அண்ணே, அது டிசி கணக்கு. எனக்கு லைனுக்குக் குறுக்கே போடணும். எக்ஸ்2னு அச்சடிச்சது வேணும்."

"எல்லாம் ஒண்ணுதான் சார்."

ஒன்றல்ல. எக்ஸ்2 முத்திரை பெற்றது 2,500 வோல்ட் திடீர் அடியைத் தாங்கும்படி சோதிக்கப்படுகிறது. உள்ளே துளை விழுந்தாலும் தானே ஆற்றிக்கொள்ளும், எளிதில் தீப்பிடிக்காது. நாலாவது கடையில் கிடைத்தது. அங்கே 105 டிகிரி தாங்கும் எலக்ட்ரோலிட்டிக்கும் சேர்த்து மொத்தம் ரூ.140. ஒரு இஞ்சி டீ தனி.

ஈயம் உறிஞ்சி, பழையதை எடுத்து, புதியதைப் பற்றவைக்க ஒன்றரை மணி நேரம். நேராகக் கணினியில் மாட்டவில்லை. 2.1 ஆம்பியர் அளவு சுமை வேண்டும் என்று 4.7 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் இரண்டைப் பக்கத்துப் பக்கமாக இணைத்து ஓட்டுத் துண்டின் மேல் வைத்தேன். சுமை இல்லாத எஸ்எம்பிஎஸ் காட்டும் வோல்டேஜை நம்பாதீர்கள். லைனில், மின்சாரம் தன் வழியாகவே போகும்படி மாட்டிய சீரிஸ் பல்பு, டிவி மெக்கானிக்குகளின் பழைய காவல் தெய்வம். 60 வாட் பல்பு போட்டபோது மறுபடி 'டிக் டிக்'. நெஞ்சு அடைத்தது. பல்பே மின்சாரத்தை நெருக்குகிறது என்று உறைக்க ஐந்து நிமிடம் ஆனது. 100 வாட் பல்புக்கு மாற்றினேன்: ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கியது. ஷார்ட் இருந்திருந்தால் முழுசாக எரிந்துகொண்டே இருக்கும். மீட்டரில் 5.06. ஊதாவில் மைனஸ் 5.1.

மதிப்பீடு கேட்பவர்களுக்கு: ரூ.140 வழிக்குப் பத்துக்கு ஒன்பது. ஒரு மதிப்பெண் குறைவு, பெரிய கெப்பாசிட்டரும் மற்ற எலக்ட்ரோலிட்டிக்குகளும் இன்னும் நாற்பது வயதுக்காரர்களே என்பதால். அடுத்த முறை திறக்கும்போது அவர்களுக்கும் ஓய்வு. ரூ.1,900 வழிக்கு ஆறு. டிரான்ஸ்ஃபார்மரோ போர்டோ கருகிப்போனவர்களுக்கு மட்டும் அதைச் சொல்வேன். அப்படி மாற்றினாலும் ஏழு ஒயரையும் மாட்டுங்கள். வெறும் 5 வோல்ட் யூனிட்டுக்கு மதிப்பெண்ணே கிடையாது.

உங்களிடம் இதே இயந்திரம் இருந்து இன்னும் புகையவில்லை என்றால், ஆன் செய்யாமல் முதலில் பெட்டியைத் திறந்து அந்தத் தேன் நிறச் சதுரத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். என்னுடையதில் அதே வகையான 0.01 அதுவரை வெடித்திருக்கவில்லை. கழற்றி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோது, பல்லி முட்டை ஓடு போல உடம்பெங்கும் விரிசல்.