எசமானை வென்ற ஏவலாளன்: எடி அண்டர்சனின் கலைவாழ்வு பற்றிய ஒரு நோக்கு

ஏவலாளன் எசமானிலும் பார்க்க அறிவாளியாக அமைவது நகைச்சுவை நாடகத்தின் மிகப் பழைய உத்திகளுள் ஒன்றாகும். உரோம நாடகாசிரியர் புளோட்டசின் அடிமைகள் தம் எசமானர்களை ஏய்த்துச் சபையோரைச் சிரிக்கவைத்தனர். ஆயின் அச்சிரிப்பு உரோமாபுரியின் அடிமைமுறையை அசைத்ததில்லை. சிரிப்பில் வெல்பவன் வாழ்விலும் வெல்கின்றானா என்னும் வினா இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்க வானொலியில் மீண்டும் எழுந்தது. ஜக் பெனியின் நிகழ்ச்சியில் ‘றொச்செஸ்டர்’ என்னும் பணியாளனாக விளங்கிய எடி அண்டர்சனின் கலைவாழ்வை அவ்வினாவின் அடிப்படையில் ஆராய இக்கட்டுரை முற்படுகின்றது.

அண்டர்சன் 1905 ஆம் ஆண்டு கலிபோர்ணியாவின் ஒக்லண்ட் நகரிற் பிறந்த கறுப்பினத்தவர். தந்தையார் மின்ஸ்ரல் அரங்குகளில் நடித்தவர். தாயார் சர்க்கஸிற் கம்பிமேல் நடந்தவர். மின்ஸ்ரல் என்பது வெள்ளையர் தம் முகத்திற் கரி பூசிக்கொண்டு, கறுப்பரைச் சோம்பேறிகளாகவும் மூடர்களாகவும் காட்டி மகிழ்ந்த மேடை மரபாகும். காலப்போக்கிற் கறுப்பினக் கலைஞரும் பிழைப்பின் பொருட்டு அம்மரபினுட் புகுந்து, தம்மைப் பற்றிய கேலிச்சித்திரத்தைத் தாமே நடித்துக்காட்ட நேர்ந்தது. இச்சூழலிலேயே அண்டர்சன் வளர்ந்தார். சிறுவனாயிருந்தபோது சன் பிரான்சிஸ்கோ வீதிகளிற் பத்திரிகை விற்பதற்காகக் கூவிக் கூவியே தமது குரல் நிரந்தரமாகப் பழுதுற்றதென அவர் கூறுவதுண்டு. அந்தக் கரகரத்த குரலே பின்னர் அவரது மூலதனமாயிற்று.

1937 மார்ச் 28 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று ஒலிபரப்பான பெனியின் நிகழ்ச்சியிற் புகைவண்டிச் சிப்பந்தியாகத் தோன்ற அவர் அழைக்கப்பட்டார். நேயர்களின் வரவேற்பு அவரை அத்துடன் விடவில்லை. அவ்வாண்டிலேயே பெனியின் வீட்டுப் பணியாளன் றொச்செஸ்டர் பிறந்தான். நாடு முழுவதும் ஒலித்த வானொலி நிகழ்ச்சியொன்றில் நிரந்தரப் பாத்திரம் பெற்ற முதற் கறுப்பினக் கலைஞர் அண்டர்சனே என்பர்.

இதன் முக்கியத்துவத்தை உணர்வதற்கு, 1928 இல் ஆரம்பித்துப் பெரும்புகழ் ஈட்டிய ‘ஏமொஸ் அன்ட் அண்டி’ நிகழ்ச்சியை நினைவிற் கொள்ளல் வேண்டும். அதன் இரு கறுப்பினப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்தவர்கள் பிறீமன் கொஸ்டன், சாள்ஸ் கொரெல் என்னும் வெள்ளையர். வானொலி கண்ணற்ற ஊடகமாகையால், கரி பூசாமலே கறுப்பு வேடம் தரிக்க அவர்களுக்கு இயன்றது. அதே கண்ணற்ற தன்மை அண்டர்சனுக்கு வேறொரு வகையில் உதவியது. பணியாளனின் சீருடையும் பணிந்த தலையும் கேட்பவருக்குத் தெரிவதில்லை. எஞ்சுவன சொல்லும், அதனைச் சொல்லும் வேளையுமே. இவ்விரண்டிலும் றொச்செஸ்டர் எசமானுக்கு நிகரானவன். பல வேளைகளில் மேலானவன்.

வானொலியிற் பெனி படைத்த பாத்திரம் ஒரு கஞ்சன், தற்பெருமைக்காரன், வயலினைப் பிழைபட வாசிப்பவன், எத்தனை ஆண்டு சென்றாலும் தனக்கு வயது 39 என்று சாதிப்பவன். இக்குறைகளையெல்லாம் மிக அருகிலிருந்து அறிந்தவன் வீட்டுப் பணியாளனே. பழைய மக்ஸ்வெல் காரை ஓட்டுபவனும், ஒழுங்கான ஊதியம் காணாதவனும் அவனே. தொலைபேசிக் காட்சிகள் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கவை. பெனி ஒலிபரப்பு நிலையத்தில் நின்று நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருக்க, றொச்செஸ்டர் வீட்டிலிருந்து பேசுவான். அவ்வேளையில் வீடு அவனது ஆட்சியில் இருக்கும். நடந்ததை அறிய எசமான் தவிக்க, பணியாளன் தான் விரும்பிய அளவுக்கே செய்தியை அவிழ்ப்பான். மின்ஸ்ரல் மரபிற் கறுப்பனைக் குறிவைத்த சிரிப்பு இங்கே எசமானை நோக்கித் திரும்பிற்று.

எனினும் இவ்வெற்றியை மிகைப்படுத்தலாகாது. தொடக்க ஆண்டுகளில் மது, சூதாட்டம், பெண் நாட்டம் என்னும் பழைய முத்திரைகள் றொச்செஸ்டர் மீதும் குத்தப்பட்டிருந்தன. இனவெறி ஐரோப்பாவில் விளைவித்த பேரழிவு இரண்டாம் உலகப் போரின் முடிவில் வெளிப்பட்டதன் பின்னர், யூதரான பெனி இத்தகைய பகிடிகளைத் தமது நிகழ்ச்சியிலிருந்து அகற்ற முற்பட்டார். 1950 இற் பழைய பிரதியொன்று மீண்டும் பயன்படுத்தப்பட்டபோது நேயர்களிடமிருந்து கண்டனம் எழுந்தது. 1941 இற் சிரிப்பூட்டிய அதே பகிடி இப்போது செவிக்குக் கூசிற்று.

திரைப்படமோ கண்ணுள்ள ஊடகம். அங்கு அண்டர்சனின் நிலை வேறாயிற்று. 1939 இல் வெளிவந்த ‘கோன் வித் த விண்ட்’ படத்தில் அவர் முதிய வண்டிக்காரர். றொச்செஸ்டரின் நாவன்மைக்கு அங்கு இடமில்லை. 1943 இல் வின்சென்ட் மினெல்லி இயக்கிய ‘கபின் இன் த ஸ்கை’ ஒரு விதிவிலக்கு. கறுப்பினக் கலைஞர்களைக் கொண்டே தயாரான அப்படத்தில் அவர் கதாநாயகன். எவருக்கும் துணைப்பாத்திரமாக அன்றி, தன் ஆசையோடும் அச்சத்தோடும் போராடும் கணவனாக அதில் நடித்தார். 1945 இல் ‘புறூஸ்டேர்ஸ் மில்லியன்ஸ்’ படத்தில் மீண்டும் பணியாளன். அப்பணியாளன் வெள்ளையரோடு அளவுக்கு மீறிச் சமமாகப் பழகுகின்றான் எனக் கருதி, மெம்பிஸ் நகரத் தணிக்கைச் சபை அப்படத்தைத் தடைசெய்தது. குரலாக மட்டும் வந்தபோது வீடுகள் தோறும் வரவேற்கப்பட்ட உரிமைப்பேச்சு, உடலோடு வந்தபோது அத்துமீறலாகத் தோன்றியது போலும். 1963 இல் ‘இட்ஸ் எ மாட், மாட், மாட், மாட் வேர்ல்ட்’ படத்திலும் அவர் வாடகைக்கார்ச் சாரதியாகவே வந்தார். குதிரைவண்டி, மக்ஸ்வெல், வாடகைக்கார் எனச் சாரத்தியம் அவர் கையில் இருந்தது. போகுமிடத்தைத் தீர்மானித்தோர் பிறர்.

அண்டர்சனைத் தம் இனத்தின் இழிவை விற்றுப் பிழைத்தவர் என்பாரும் உளர். தடைகளைத் தகர்த்த முன்னோடி என்பாரும் உளர். இரு தீர்ப்புகளும் உண்மையின் ஒரு பாதியையே தொடுகின்றன. வாரந்தோறும் சொல்லால் வென்ற றொச்செஸ்டர், மறுவாரமும் அதே வீட்டில் அதே பணியில் இருந்தான். அவன் வேலையை விட்டு நீங்கினால் நகைச்சுவையே நின்றுவிடும். எனவே அவனது அடிமைநிலை அந்நகைச்சுவையின் முதலாக இருந்தது. பெனியின் நல்லெண்ணத்தாலும் மாற்றமுடியாத எல்லை இதுவாகும். ஆயினும், கறுப்பன் ஒருவன் வெள்ளை எசமானுக்குச் சுடச்சுட மறுமொழி கூறுவதைக் கோடிக்கணக்கானோர் கேட்டு, அவன் பக்கம் நின்று சிரித்தனர் என்பதும் சிறிய செய்தியன்று.

1943 ஆம் ஆண்டுக் கென்டக்கி டேர்பியில் அண்டர்சனுக்குச் சொந்தமான குதிரையொன்று ஓடியது. அதன் பெயர் ‘பேர்ண்ட் கோர்க்’, அதாவது கருக்கிய தக்கை. மின்ஸ்ரல் நடிகர் முகத்திற் பூசிய கரி அத்தக்கையிலிருந்தே பெறப்பட்டது. தம் இனத்தை இழிவுபடுத்திய அக்கரியின் பெயரைத் தாங்கிய குதிரைக்கு அவர் உடைமையாளராக நின்றார். அது அன்று வெல்லவில்லை. வானொலியில் 1955 வரையும், தொலைக்காட்சியில் 1965 வரையும் பெனியின் நிகழ்ச்சியோடு இணைந்திருந்த அண்டர்சன் 1977 பெப்ரவரி 28 ஆம் திகதி காலமானார். இத்தகைய கலைஞரை மதிப்பிடும் திறனாய்வாளன், அவர் எவ்வேடம் தாங்கினார் என்பதோடு நின்றுவிடாது, அவ்வேடத்தினுள் நின்று எவரைப் பார்த்துச் சிரிக்கவைத்தார் என்பதையும் ஆராய்தல் வேண்டும்.