கொலைக்கு முந்தைய ஆண்டுகள்

பாட்காஸ்டும் ஓடிடியும் வந்த பிறகுதான் தமிழில் உண்மைக் குற்ற எழுத்து பிறந்தது என்று மேடைதோறும் சொல்கிறார்கள். தவறு. சந்தையிலும் ரயிலிலும் பாடி விற்ற கொலைச்சிந்துகளை எங்கே வைப்பது? 1944இல் லட்சுமிகாந்தன், 1952இல் ஆளவந்தார் என்று கொலை வழக்குகளைச் செய்தித்தாளில் தொடர்கதையாகப் படித்து வளர்ந்த ஊர் இது. கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிட நக்கீரன் இதழ் உச்ச நீதிமன்றம் வரை போய் 1994இல் வென்றது. பத்திரிகைச் சுதந்திரத்துக்கு மகத்தான தீர்ப்பு அது. ஆனால் கொலை செய்தவன் பேசினால்தான் விற்கும் என்ற கெட்ட பழக்கமும் அத்தோடு ஊன்றிவிட்டது.

குடும்பத்துக்குள் நடக்கும் கொடுமையை எழுத இந்தப் பழக்கம் உதவவே உதவாது. நல்லதங்காள் கதை இதைவிட மேலானது. ஏழு பிள்ளைகளும் கிணற்றில் விழுவதற்கு முன்பு, பசியோடு வந்தவளுக்கு அண்ணி மூளி அலங்காரி எரியாத விறகையும் ஓட்டைப் பானையையும் கொடுத்ததை அது நின்று நிதானமாகச் சொல்கிறது. 2018இல், எங்கள் திருமுடிவாக்கத்துக்கு அருகே குன்றத்தூர் மூன்றாங்கட்டளையில், பெற்ற தாயே இரண்டு குழந்தைகளைக் கொன்றபோது நாம் என்ன எழுதினோம்? அந்தத் தாயைச் சுற்றிய பிரியாணிக் கடைப் பேச்சும் செல்போன் வீடியோக்களும்தான் மாதக்கணக்கில் ஓடின. 2025 ஜூலையில் காஞ்சிபுரம் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தபோதும் அவற்றைப் பற்றிய மீம்களே திரும்ப வந்தன. அந்தப் பிள்ளைகள் அந்த வீட்டில் எப்படி வாழ்ந்தார்கள் என்று எவரும் கேட்கவில்லை.

மீனா கந்தசாமி தன் மணவாழ்விலிருந்து எடுத்து 2017இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலில் கொலை இல்லை. மனைவி ஃபேஸ்புக்கை விட வேண்டும் என்பதற்காகக் கணவன் தீக்குச்சி கிழித்துத் தன்னையே சுட்டுக்கொள்கிறான். அவளுடைய ஆயிரக்கணக்கான மின்னஞ்சல்களை அழிக்கிறான். பிறகுதான் அடி. பெற்றோரோ தொலைபேசியில் பொறுத்துப்போகச் சொல்கிறார்கள். படிக்கையில் அவன்மேல் வந்த கோபத்துக்குக் குறையாமல் அவர்கள்மேலும் எனக்கு வந்தது. அடிபட்டு மீண்ட மகளின் கதையை அவள் கால் வெடிப்பும் தலைப்பேனுமாக ஊருக்குச் சொல்லித் திரியும் தாயில் நாவல் தொடங்குகிறது. தன் கதையைத் தாயிடமிருந்துகூட மகள் மீட்க வேண்டியிருக்கிறது. பிணத்தைக் காட்டாமலே இவ்வளவு பதைக்க வைத்த குற்ற எழுத்தை நான் வாசித்ததில்லை.

உடுமலைப்பேட்டையில் 2016இல் கணவர் சங்கரைக் கண்ணெதிரே நடந்த கொலையில் பறிகொடுத்த கௌசல்யா, அந்த வழக்கில் சொந்தப் பெற்றோருக்கு எதிராகவே சாட்சி சொன்னார். 2017இல் தூக்குத் தண்டனை பெற்ற தந்தையை 2020இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. சட்டம் எப்படித் தீர்த்தாலும், இந்த எழுத்து வகையின் முதல் வரிசையில் நான் வைப்பது அந்தச் சாட்சியத்தைத்தான்.

பதிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொன்றவரின் வாக்குமூலம் போதும். அந்த வீடுகளிலிருந்து உயிரோடு வெளியே வந்தவர்களைத் தேடிப் போங்கள். பெயரை மறைக்கச் சொன்னால் மறைத்து வெளியிடுங்கள். அவர்கள் சொன்ன எதையும் வெட்டாதீர்கள்.